அண்ணிக்குச் சும்மா இருக்கத் தெரியவில்லை

எங்கள் வீட்டில் எந்தத் துணியை எடுத்துப் பார்த்தாலும் நான்கு மூலையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டு நிற்கும். போர்வை மட்டுமில்லை, கைக்குட்டையும் அப்படித்தான், அடுப்பு துடைக்கிற கந்தலும் அப்படித்தான். இது என் கைவேலை இல்லை. என் நாத்தனாருடையது. என் வீட்டுக்காரரின் அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அவருடைய கணவர் போய்ச் சேர்ந்ததிலிருந்து எங்களோடுதான் இருக்கிறார். ஒரே அடுப்பில் இரண்டு பெண்கள் இத்தனை வருஷம் மனம் கோணாமல் சமைத்தோம் என்றால் அது ஆண்டவன் செயல், வேறென்ன சொல்ல?

அண்ணிக்குப் பெரிய ஆஸ்பத்திரியின் லாண்டரியில் வேலை. துவைப்பது அவரில்லை, காயவைப்பதும் அவரில்லை. மடிப்பது. உலர்த்துகிற மிஷினிலிருந்து படுக்கை விரிப்புகளைத் தள்ளுவண்டியில் மலை மாதிரிக் குவித்துக்கொண்டு வந்து நிறுத்துவார்கள். தொட்டால் கை சுடும். விரிப்பு ஒரு ஆள் மடிக்கிற நீளமில்லை. ஆளுக்கொரு முனையைப் பிடித்து, இழுத்து, ஒரு உதறு உதறி, இரண்டாக்கி, நாலாக்கி, நடந்து வந்து ஒருத்தி கையிலிருந்து இன்னொருத்தி மூலையை வாங்கிக்கொள்ள வேண்டும். அண்ணியின் எதிரில் பத்தொன்பது வருஷமாக ஒரே பெண்மணிதான் நிற்கிறார். இருவரும் ஒருவரை ஒருவர் "எதிர்முனை" என்றே கூப்பிட்டுக்கொள்வார்கள். எங்கள் வீட்டிலும் அந்த அம்மாவுக்கு அதுதான் பெயர்.

அந்த மடிப்பு அறையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. சுத்தமான துணி கையிலும் மேஜையிலும் மட்டும்தான் படலாம். மார்பில் படக்கூடாது, தோளில் போடக்கூடாது. நாமெல்லாம் வீட்டில் போர்வையை மடிக்கும்போது நடுவைத் தாடைக்குக் கீழே இடுக்கிக்கொள்வோம் இல்லையா, அது அங்கே பெரிய குற்றம். பட்ட துணி மறுபடி கொதிநீருக்குப் போகும். நோயாளியின் முகத்தில் படப்போகிற துணியாயிற்றே. நான் மறந்துபோய் வீட்டில் தாடையை வைத்துவிட்டால் அடுத்த அறையிலிருந்து அண்ணியின் குரல் வரும்: "தாடை!" எப்படித்தான் தெரியுமோ. கதவு சாத்தியிருந்தாலும் தெரிந்துவிடும்.

போன குளிர்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. குழாயைத் திறந்தால் தண்ணீர் கடிக்கிற குளிர். வெளியே காயப்போட்ட துணி அட்டை மாதிரி விறைத்து நின்றது. அன்றைக்கு மத்தியானம் அண்ணி வேலை செய்கிற இடத்திலேயே சாய்ந்துவிட்டார் என்று போன் வந்தது. சாய்ந்தது தரையில் இல்லை. சூடான விரிப்புகள் குவிந்திருந்த தள்ளுவண்டியின் மேல். அதனால் அடி எதுவும் படவில்லை, கடவுள் காப்பாற்றினார். லாண்டரி ஆட்களைப் பார்த்துக்கொள்கிற நர்ஸம்மா ஓடிவந்து ரத்தக்கொதிப்பைப் பார்த்திருக்கிறார். நூற்றுத் தொண்ணூறு. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்.

அனுப்பும்போது சொன்னது இதுதான். சனி, ஞாயிறு இரண்டு நாளும் முழு ஓய்வு. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வந்து நர்ஸம்மாவிடம் காட்ட வேண்டும். நூற்றைம்பதுக்குக் கீழே இருந்தால் மறுபடி மடிப்பு மேஜை. இல்லையென்றால் கீழ்த்தளத்து அறையில் தனியாக உட்கார்ந்து விரிப்புகளில் கிழிசல் தேடுகிற வேலை. ஓய்வுபெறுகிற வரைக்கும் அதுதான்.

"உட்கார்ந்து பார்க்கிற வேலைதானே அண்ணி, நல்லதுதானே?" என்றேன் நான், தெரியாமல்.

அண்ணி என்னை நிமிர்ந்து பார்த்தார். "அங்கே எதிர்முனை கிடையாதும்மா."



ஆக, இரண்டு நாளில் அண்ணி ஓய்வெடுத்தாக வேண்டும். அதில்தான் சிக்கல். அண்ணிக்கு ஓய்வெடுக்கத் தெரியாது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சிலருக்கு நீச்சல் தெரியாது பாருங்கள், அது மாதிரி.

என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறார். ஓய்வு விஷயத்தில் அவர் பெரிய பட்டமே வாங்கியவர். தலை தலையணையைத் தொடுவதற்கு முன்பே குறட்டை கிளம்பிவிடும். சனிக்கிழமை காலையில் அவர்தான் அக்காவுக்குப் பாடம் எடுத்தார்.

"அக்கா, ஓய்வுன்னா ஒண்ணுமே இல்லை. உடம்பைக் கட்டில்ல போடணும். அவ்வளவுதான்."

"போட்டுட்டு?"

"போட்டுட்டு என்ன, விட்டுடணும்."

"எதைடா விடணும்?"

"உன்னைத்தான்!"

"என்னை நானே விட்டுட்டா அப்புறம் யாருடா பிடிச்சுக்குவா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

சரியென்று கம்பளிப் போர்வை, அதன்மேல் பஞ்சு அடைத்த ரஜாய் என்று இரண்டு போர்த்திப் படுக்கவைத்தோம். ஜன்னல் கண்ணாடியெல்லாம் மூச்சுப் பட்டு மங்கியிருந்தது. ஹீட்டர் முனகிக்கொண்டிருந்தது. பார்க்கிற எனக்கே கண்ணைச் சொருகியது. அரை மணி கழித்து எட்டிப் பார்த்தேன். அண்ணி கட்டை மாதிரி நேராகக் கிடந்தார். கண் திறந்திருந்தது. ரஜாயில் ஒரு சுருக்கம் கிடையாது.

"தூக்கம் வரலையா அண்ணி?"

"எப்படிம்மா தூங்கறது? கசங்காம பாத்துக்கிட்டிருக்கேன்ல."

அரை மணி நேரமும் அசையாமல் விரிப்பைக் காவல் காத்திருக்கிறார் மனுஷி!

அடுத்து வெந்நீர்ப் பை. ரப்பர் பையில் வெந்நீர் ஊற்றி வயிற்றில் வைத்தால் தன்னாலே உடம்பு தளரும் என்று பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா கொடுத்தனுப்பியது. அண்ணி பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் எழுந்து மூடி கசிகிறதா என்று பார்த்தார். ஆறிவிட்டதோ என்று இரண்டு தரம் தண்ணீர் மாற்றினார். பையைப் பார்த்துக்கொள்வதே ஒரு வேலையாகிவிட்டது.

பிறகு ஒரு வாளியில் உப்புப் போட்ட வெந்நீர். அதில் காலை வைத்து உட்காரச் சொன்னேன். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்ட மாதிரிப் பறக்கிறாள் என்று பறக்கிற ஆளைச் சொல்வோம். வெந்நீரிலேயே காலை வைத்துவிட்டு நிதானமாக உட்கார் என்றால் எப்படி? "இந்தத் தண்ணியை வீணாக்கக் கூடாது" என்று அதே வாளியில் மூன்று கால்மிதியை ஊறப்போட்டுவிட்டார்.

மத்தியானம் கொஞ்சம் வெயில் வந்தது. குளிர்கால வெயில் தெரியுமே, தரையில் ஒரு பாய் அகலத்துக்கு விழும். அதில் நாற்காலியைப் போட்டேன். வெயில் ஓரிடத்தில் நிற்குமா? அது சுவர்ப்பக்கம் நகர, அண்ணி நாற்காலியோடு பின்னாலேயே நகர்ந்தார். ஒரு மணி நேரத்தில் கூடத்தைக் கடந்து சமையலறை வாசலுக்கு வந்துவிட்டார்.

"வேலைக்குப் போயிருந்தாகூட இவ்வளவு அலைஞ்சிருக்க மாட்டேன்ம்மா" என்றார்.

சூடாகப் பால் கொடுத்தேன். குடித்தார், தம்ளரைக் கழுவினார். பால் காய்ச்சிய பாத்திரத்தைக் கழுவினார். பிறகு அந்தப் பாத்திரம் இருந்த அலமாரியைக் கழுவினார்.

ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். மடித்த கையும் அப்படித்தான் போலிருக்கிறது.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர், பஸ் கம்பெனியில் கொடுத்த ரத்தக்கொதிப்பு பார்க்கிற சின்ன மிஷினை எடுத்து வந்து அக்காவின் கையில் கட்டினார். நூற்று எழுபத்தெட்டு.

"மாத்திரையும் போட்டு, நாள் முழுக்க ஓய்வும் எடுத்து, இதுதானா?" என்றார்.

"ஓய்வு எடுத்ததாலதான்டா ஏறியிருக்கு" என்றார் அண்ணி.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஞாயிறு காலையில் கும்பிட உட்கார்ந்தபோதுகூட மனம் நிற்கவில்லை. என்ன கேட்பது? நோய் தீரட்டும் என்று கேட்டிருக்கிறேன், மழை வரட்டும் என்று கேட்டிருக்கிறேன், காணாமல் போன சாவி கிடைக்கட்டும் என்றுகூடக் கேட்டிருக்கிறேன். "இவருக்கு ஓய்வு கொடு சாமி" என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. சட்டென்று நிறுத்திக்கொண்டேன். அது வேறு மாதிரி அர்த்தமாகிவிடுமே! போய்ச் சேர்ந்தவர்களுக்குத்தானே அப்படிக் கேட்பார்கள். "கடவுளே, கேட்கத் தெரியாமல் நிற்கிறேன், நீயே பார்த்துச் செய்" என்று எழுந்துவிட்டேன்.

உழைக்காமல் சாப்பிடக்கூடாது என்றுதான் என்னை வளர்த்தார்கள். வெறுமனே படுத்திருப்பதை நல்ல காரியம் என்று யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. இப்போது அதே படுக்கையை மருந்து என்கிறார்கள். நானும் "படுங்க படுங்க" என்று அவரை விரட்டிக்கொண்டே இருக்கிறேன். எது சரி?

ஞாயிறு மத்தியானம் எதிர்முனை பார்க்க வந்தார். குண்டான, வாய் ஓயாத அம்மா. மஃப்ளரை அவிழ்த்துக்கொண்டே உள்ளே வந்தார்.

"என்ன எதிர்முனை, ராணி மாதிரி படுத்திருப்பேன்னு பார்த்தா நின்னுகிட்டு இருக்கே?"

"ராணிக்கு என்ன, படுக்கையைத் தட்டிப்போட ஆள் இருக்கு."

"நானிருக்கேன்ல. எடு அந்தப் பக்கத்தை."

அவ்வளவுதான். இருவரும் கூடத்தின் இரண்டு ஓரத்தில் நின்றார்கள். ரஜாய், கம்பளி, திரைச்சீலை, கட்டிலில் கிடந்த விரிப்பு எல்லாம் மடிந்தது. உதறும் சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். தூங்கிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் எழுந்து வந்து தலையில் கைவைத்துக்கொண்டார்.

"அக்கா, இதுக்குப் பேர் ஓய்வா?"

"ஓய்வு இல்லை தம்பி, இது பேச்சு" என்றார் எதிர்முனை. "கையில துணி இல்லாம எங்களுக்குப் பேச வராது."

அண்ணியின் முகம் அப்போதுதான் இரண்டு நாளுக்குப் பிறகு தெளிந்திருந்தது. அதைப் பார்த்து நானும் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அப்போது எதிர்முனை பேச்சுவாக்கில் சொன்னார்:

"நீ விழுந்த வண்டி முழுக்க மறுபடி கொதிநீருக்குப் போச்சு தெரியுமா? எழுபது விரிப்பு. வார்டுல ராத்திரி வரைக்கும் துணி இல்லாம தவிச்சுட்டாங்களாம். போனா போகுது. உயிரா, துணியா?"

அண்ணியின் கையிலிருந்து விரிப்பின் முனை நழுவிக் கீழே விழுந்தது.

அண்ணி கையிலிருந்து துணி நழுவி நான் பார்த்ததில்லை. எதிர்முனையும் பார்த்திருக்க மாட்டார். "என்னாச்சு?" என்றார். "கை விறைச்சுப்போச்சு, குளிரு" என்று அண்ணி குனிந்து எடுத்தார். கூடத்தில் ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது.

திங்கட்கிழமை என் வீட்டுக்காரர் இருட்டோடு பஸ் எடுக்கப் போய்விட்டார். நான் எழுந்து வரும்போதே அண்ணி குளித்து, உடுத்தி, ஸ்வெட்டர் போட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். மணி ஏழு. பத்து மணிக்குப் போக வேண்டிய இடம் பஸ்ஸில் அரை மணி தூரம்தான். முகத்தைப் பார்த்தால் இரவெல்லாம் கண் மூடவில்லை என்று தெரிந்தது. எதற்கும் பார்க்கலாமே என்று அந்தச் சின்ன மிஷினைக் கட்டினேன். நூற்று எண்பத்தொன்று. அண்ணியிடம் எண்ணைச் சொல்லாமல் அமுக்கி அணைத்துவிட்டேன். அவரும் கேட்கவில்லை.

முந்தின நாள் துவைத்த துணிகள் ஹீட்டருக்கு மேலிருந்த கம்பிச்சட்டத்தில் காய்ந்து கிடந்தன. என்ன செய்வதென்று தெரியாமல் அவற்றை எடுக்க ஆரம்பித்தேன். நல்ல சூடு. பெரிய போர்வை ஒன்றை மடிக்கும்போது பழக்க தோஷத்தில் தாடைக்குக் கீழே இடுக்கிக்கொண்டேன். இடுக்கிய பிறகுதான் உறைத்தது. அண்ணி நேர் எதிரே உட்கார்ந்திருக்கிறார். என் தாடையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். "தாடை" என்று வரவில்லை.

போர்வையை அப்படியே போட்டுவிட்டு அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"என்ன அண்ணி?"

 பையின் வாரைத் திருகிக்கொண்டே சொன்னார்:

"அன்னிக்கு நான் மயங்கி விழுந்தேன்னு எல்லாரும் சொல்றாங்க. நான் விழுந்தேனா, படுத்தேனான்னு எனக்கே தெரியலைம்மா."

"என்ன சொல்றீங்க?"

"காலையிலேர்ந்து தலை கனமா இருந்துச்சு. விரலெல்லாம் மரத்துப் போற குளிரு. எதிர்முனை தண்ணி குடிக்கப் போயிருந்தா. வண்டி வந்து நின்னுச்சு. ஆவி பறக்குது. இத்தனை வருஷமா கையால தொட்டிருக்கேன், ஒரு நாள்கூட… கன்னத்தை வெச்சா எப்படி இருக்கும்னு ஒரு நினைப்பு வந்துச்சு. நினைப்பு வந்தது ஞாபகம் இருக்கு. அப்புறம் கன்னத்துல சூடா இருந்தது ஞாபகம் இருக்கு. நடுவுல என்ன ஆச்சுன்னு தெரியலை." நிறுத்தினார். "சுகமா இருந்துச்சும்மா. மயக்கம் வர்றவங்களுக்கு சுகமா இருக்குமா?"

 எனக்கு மயக்கம் வந்ததே இல்லை.

"நோயாளிங்க துணி. எழுபது விரிப்பு. வேணும்னே படுத்துட்டு, மயக்கம்னு எல்லாரையும் நம்ப வெச்சுட்டு, இப்ப அதுக்கு ஓய்வு வேற எடுத்துக்கிட்டு உக்காந்திருக்கேனோ என்னவோ. கண்ணை மூடினா அந்தச் சூடுதான் கன்னத்துல வருது. எப்படித் தூங்கறது?"

சும்மா இருக்கத் தெரியாத ஆள் என்று நாங்கள் சிரித்த இரண்டு நாளும் இந்த மனுஷி இதைச் சுமந்துகொண்டு வெயிலுக்குப் பின்னால் நாற்காலியை நகர்த்திக்கொண்டிருந்திருக்கிறார்.  தேற்றுவதா, இல்லை அது தப்புத்தான் என்பதா? பொய்யும் சொல்லக்கூடாது. நான் பார்க்கவில்லையே.

"அண்ணி, நீங்க விழுந்தீங்களா படுத்தீங்களான்னு எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியலை. மேலே இருக்கிறவருக்குத் தெரியும். அவருக்குத் தெரிஞ்சும் உங்களைத் தரையில போடாம துணி மேலதானே போட்டிருக்காரு?"

 அண்ணியின் கண் கலங்கியது.

அப்போது ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. எழுந்துபோய் கம்பிச்சட்டத்தில் இருந்த அத்தனை துணியையும் இரண்டு கையாலும் வாரினேன். போர்வை, துண்டு, என் வீட்டுக்காரரின் காக்கிச் சட்டை, என் பாவாடை, தலையணை உறை, காலுறை எல்லாம். மடிக்கவில்லை. கட்டிலில் அப்படியே மலை மாதிரிக் கொட்டினேன்.

"இது யாரோட துணி அண்ணி?"

"நம்ம துணி."

"இதுல எந்த நோயாளி படுக்கப் போறாங்க?"

"யாரும் இல்லை."

"அப்ப கன்னத்தை வெச்சுப் பாருங்க. அஞ்சு நிமிஷம். பஸ்ஸுக்கு நேரம் இருக்கு."

"கசங்கிடும்ம்மா."

"கசங்கட்டும். இஸ்திரிப் பெட்டி எதுக்கு இருக்கு?"

அண்ணி அந்தக் குவியலைப் பார்த்தபடி நின்றார். சின்னக் குழந்தை குளத்தைப் பார்த்து நிற்குமே, அப்படி. பிறகு பையை நாற்காலியில் வைத்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, மெதுவாகச் சாய்ந்து, அந்தப் போர்வையில் கன்னத்தை வைத்தார். என் வீட்டுக்காரரின் சட்டைக் கை ஒன்று அவர் தோளில் விழுந்து கிடந்தது. மேலே இன்னும் இரண்டு துண்டைப் போட்டேன். "அடுப்பு மாதிரி இருக்கு" என்றார். அடுத்து ஏதோ சொல்ல வாயெடுத்தார், சொல்லவில்லை.

தூங்கிவிட்டார்.

நேராகக் கட்டை மாதிரி இல்லை. காலை மடக்கிக்கொண்டு, வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு, அக்காவும் தம்பியும் ஒரே ரத்தம்தான் என்று சொல்கிற மாதிரி ஒரு குறட்டையோடு.

மணி எட்டரை. நான் நிம்மதியாக டீ போட்டேன். ஒன்பது. இன்னும் பத்து நிமிஷம் தூங்கட்டும் என்று விட்டேன். ஒன்பதேகாலுக்கு எழுப்பப் போனேன். தோள் வரைக்கும் கை போனது. தொடவில்லை. எழுப்பினால் பதறிக்கொண்டு எழுவார், ஓடுவார், கொதிப்பு மறுபடி ஏறும், கீழ்த்தளத்து அறைதான். எழுப்பாவிட்டால் பத்து மணி போய்விடும். வராத ஆளுக்கு யார் கையெழுத்துப் போடுவார்கள்? அப்போதும் கீழ்த்தளத்து அறைதான். கதவுக்கும் கட்டிலுக்கும் நடுவில் நான்கு தரம் நடந்தேன். "ஆண்டவனே, ஏதாவது சொல்லு" என்றேன். அவர் சொன்னதெல்லாம் அந்தக் குறட்டைதான்.

ஒன்பதரைக்கு எதிர்முனைக்குப் போன் போட்டேன். மிஷின் இரைச்சலுக்கு நடுவில் கத்தினார்.

"கிளம்பிட்டாளா?"

"தூங்கறாங்க."

"என்னது?"

"தூங்கறாங்க! எழுப்பட்டுமா வேணாமா, ஒண்ணும் ஓடலை!"

 "பத்தொன்பது வருஷத்துல அவ கொட்டாவி விட்டுக்கூட நான் பார்த்ததில்லை" என்றார் எதிர்முனை. "எழுப்பாதே. அந்தப் பக்கம் அவ, இந்தப் பக்கம் நான்னு எத்தனை மூலையைப் பிடிச்சிருக்கோம். இந்த மூலையை நான் பிடிச்சுக்கறேன்."

நர்ஸம்மாவின் வீடு எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி. மத்தியானம் சாப்பிட வீட்டுக்குக் கிளம்பிய அவரை எதிர்முனை எப்படியோ பேசி எங்கள் வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். நர்ஸம்மா உள்ளே வரும்போதே கோபமாகத்தான் வந்தார்.

"பத்து மணின்னு சொன்னா பத்து மணி. நான் வீடு வீடா வந்து பார்க்க முடியுமா?"

கட்டிலைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது. துணிக் குவியலுக்கு நடுவில் அண்ணியின் தலை மட்டும் தெரிந்தது.

பேச்சுச் சத்தத்தில் அண்ணி கண் விழித்தார். எதிரே நர்ஸம்மா, எதிர்முனை, நான். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டரை. எழப் போனவரை நர்ஸம்மா தடுத்து, மெதுவாகச் சாய்ந்து உட்காரவைத்து, கையில் பட்டையைச் சுற்றினார்.

"அசையாதீங்க. பேசாதீங்க."

"ஒண்ணு சொல்லணும்மா" என்றார் அண்ணி.

"அப்புறம் சொல்லலாம்."

"இல்லை, இப்பவே சொல்லணும். நீங்க பார்த்துட்டு எழுதிட்டீங்கன்னா அப்புறம் சொல்ல எனக்கு வாய் வராது. அன்னிக்கு நான் மயங்கினேனான்னு எனக்கு நிச்சயமா தெரியலை. சூடா இருந்துச்சுன்னு நானாவே படுத்துட்டேனோ என்னவோ."

எதிர்முனை வாயைப் பொத்திக்கொண்டார்.  கட்டுப்பாட்டை மீறினேன் என்று தானே ஒப்புக்கொண்டால் கீழ்த்தளத்து அறைகூடக் கிடைக்குமா?

நர்ஸம்மா அண்ணியையே பார்த்தார்.

"அன்னிக்கு ஓடிவந்து உங்க கையைப் பிடிச்சது நான். அந்தக் கொதிப்போட நின்னுகிட்டிருந்தா எந்த நிமிஷமும் சிமெண்டுத் தரையில விழுந்து மண்டை உடைஞ்சிருக்கும். அதுக்கு முன்னாடி நீங்களா படுத்தீங்களோ, உடம்பு உங்களைப் படுக்க வெச்சுதோ, அதைக் கண்டுபிடிக்க என்கிட்ட கருவி இல்லை. என் காகிதத்துல இருக்கிறது ஒரே கட்டம், மயக்கம்னு. அதுக்குப் பக்கத்துல 'சுகமா இருந்துச்சா'ன்னு ஒரு கட்டம் கிடையாது. இப்ப வாயை மூடுங்க."

அண்ணி வாயை மூடினார். பட்டை புஸ் புஸ் என்று உப்பியது. நர்ஸம்மா காதில் குழாயை வைத்துக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டார். ஒருதரம் கேட்டு, நெற்றியைச் சுருக்கி, இரண்டாம் தரமும் கேட்டார்.

"நூத்தி நாப்பத்திரண்டு."

"கீழேயா மேலேயா?" என்று கத்தினேன் நான். எந்த எண்ணுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பதே எனக்கு மறந்துபோய்விட்டது.

"கீழேதான்டி, கீழேதான்!" என்று எதிர்முனை என் முதுகில் ஓங்கி அடித்தார்.

நர்ஸம்மா காகிதத்தை எடுத்தார். "ஆஸ்பத்திரியில எடுக்க வேண்டியதை வீட்டுல, துணிக் குவியலுக்கு நடுவுல எடுத்திருக்கேன். இதை எழுதலாமா கூடாதான்னு எனக்கே குழப்பமா இருக்கு" என்றார். ஆனாலும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். மாத்திரையை நிறுத்தக்கூடாது, வாரம் ஒருதரம் வந்து காட்ட வேண்டும், தலை கனத்தால் உடனே உட்கார்ந்துவிட வேண்டும். "உட்காருங்க. எதுமேலன்னு நான் கேக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

மறுநாள் முதல் அண்ணி மேஜைக்குப் போய்விட்டார். எதிர் முனையில் எதிர்முனை. பழையபடி தாடைக் காவலும் வந்துவிட்டது. நானும் அதட்டல் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறேன். அந்த எழுபது விரிப்புக்காக வாராவாரம் ஒரு மணி நேரம் கூடுதலாக நிற்கிறார் என்று எதிர்முனை சொன்னார். யாரும் கேட்கவில்லை, இவராகவே நிற்கிறாராம். கொதிப்புக்கு அது ஆகுமா என்று நான் கேட்டால், "அந்த ஒரு மணி நேரம்தான்ம்மா எனக்கு மாத்திரை" என்கிறார். இதையும் என்னால் விளங்கிக்கொள்ள முடியவில்லை.

அந்தத் திங்கட்கிழமையைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். எல்லோரும் போன பிறகு அண்ணி எழுந்தார். துண்டுகளை மடித்தார், சட்டையை மடித்தார், காலுறைகளை ஜோடி சேர்த்தார். கன்னம் வைத்துப் படுத்த அந்தப் போர்வை மட்டும் கட்டிலில் சுருண்டு கிடந்தது. பள்ளமாக, ஒரு தலை அளவுக்கு. வாங்கிய சூடு ஆறியிருந்தும் அது அப்படியே கிடந்தது. என் வீட்டுக்காரர் வேலையிலிருந்து வந்து அதைப் பார்த்துவிட்டு, "யாரு இதை மடிக்காம விட்டது?" என்று கேட்டார். நான் டீ போடப் போய்விட்டேன்.

அண்ணி அதை மறந்துவிட்டாரா, வேண்டுமென்றே விட்டாரா? தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை.